பதினேழாம் இலக்கக் கட்டடம்

கல்முனைக்குடி
09.02.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் மழை நாளில் மட்டும் முறையிடுகிறது. உம்மாவின் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சிபானா மதினியும் மின்ஹாவும் நல்ல சுகம். மின்ஹா பள்ளிக்கூடத்தில் "எங்க வாப்பா கட்டாரில இரிக்கிற எல்லா ஏசியும் செஞ்ச ஆள்" என்று சொல்லித் திரிகிறாள். திருத்தப் பார்த்தேன், முடியவில்லை.

போனில் கதைக்கலாமே, எதற்கு ஈமெயிலில் கடிதம் என்று கேட்பீர்கள். கதைத்துத்தான் பார்த்தோமே. நான் "காக்கா" என்று வாயெடுப்பதற்குள் உம்மா போனை வாங்கி, "மனே, சாப்பிட்டியா?" என்று தொடங்குவார். பிறகு வாப்பா, பிறகு மதினி, பிறகு மின்ஹா. என் முறை வரும்போது உங்கள் ஷிப்ட் தொடங்கிவிடும். எனக்கு என் கூடப்பிறந்த காக்கா முழுசாக வேண்டும்.

இந்த மாதம் முதலாம் திகதி என்னை வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். போன வருடம் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது "தங்கச்சி டைப் அடிக்கிறா" என்று நீங்கள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த மாப்பிள்ளை போய்விட்டார், அந்தச் சொல் மட்டும் இங்கே கிடக்கிறது. ஆகவே நான் என்ன செய்கிறேன் என்று ஒருமுறை ஒழுங்காகக் கேளுங்கள்.

பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில், தளபாடக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். எட்டுப் பெண்கள், எட்டு மேசை. வெளிநாட்டு நகரங்களில் உள்ள பெரிய கட்டடங்கள் வருடத்துக்கு எவ்வளவு பச்சைவீட்டு வாயுவை வெளியே விடுகின்றன என்று அந்தக் கட்டடக்காரர்கள் எழுதி அனுப்புவார்கள். எழுதியது சரியா என்று பார்ப்பது நாங்கள். எரித்த மின்சாரம், ஜெனரேற்றர் குடித்த டீசல், ஏசி மெசினில் இருந்து ஒழுகிய வாயு, இவை மூன்றும்தான் பெரும்பாலும். எல்லாவற்றையும் காபனீரொட்சைட்டு இத்தனை தொன் என்று ஒரே எண்ணாக மாற்றுவோம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பெரிய கம்பனிகள் அந்தக் கட்டடத்துக்கு வாடகைக்கு வரலாமா என்று முடிவெடுக்கின்றன. கட்டடத்தின் பெயர் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், இலக்கம் மட்டும்தான். என்னிடம் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை இருக்கின்றன.

போன வாரம் ஒன்பதாம் இலக்கத்துக்காரர் பெப்ரவரி மாத மின்சாரத்தை அப்படியே எடுத்து ஆகஸ்ட்டிலும் ஒட்டியிருந்ததைப் பிடித்தேன். எங்கள் தலைவி சிவரூபினி அக்கா, "அஸ்பியா, உங்களுக்கு இருக்கிறது கண் இல்ல, ஊசி" என்றார். மே மாதத்தில் இருந்து நானே கையெழுத்து வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் ஒரு பாடம் வேண்டும். அந்த ஏசி வாயு எப்படி ஒழுகுகிறது? ஒரு கிலோ ஒழுகினால் ஆயிரத்து முந்நூறு கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம் என்று கணக்குப் போடுகிறேனே தவிர, அந்த மெசினைக் கண்ணால் கண்டதில்லை.

வஸ்ஸலாம்.
டைப் அடிக்கும் தங்கச்சி,
அஸ்பியா


டோஹா
03.03.2025, மூன்றாம் நோன்பு

அன்புள்ள தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி இரண்டு தரம் வாசித்தேன். டைப் அடிக்கிறாய் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள். மாப்பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல நினைத்தேன். விளங்காத ஆள் போனதும் நல்லதுதான்.

நான் சுகம். இங்கே நோன்பு திறக்க எங்கள் அறையில் கஞ்சி நானே காய்ச்சுகிறேன். உம்மாவிடம் சொல்லாதே, தேங்காய்ப்பாலைப் பெட்டியில்தான் வாங்குகிறேன்.

பாடம் கேட்டாய். என் கட்டடம் முப்பத்துநான்கு மாடி. ஆறாம் மாடியில் தொழுகை அறை, அதற்கு மேலே எல்லாம் கந்தோர்கள். நிலத்துக்குக் கீழே என் இராச்சியம். அங்கே மூன்று சில்லர். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு முன் அறை அளவு. உள்ளே வாயு ஓடித் தண்ணீரைக் குளிராக்கும், அந்தத் தண்ணீர் மேலே போய் மாடிகளைக் குளிராக்கும். வாயு எங்கே ஒழுகும் என்றால், மூட்டிலே, வால்விலே, சுழலும் தண்டைச் சுற்றியுள்ள சீலிலே. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. அழுத்தம் இறங்கும்போதுதான் தெரியும்.

ஒரு பெருமையைச் சொல்லட்டுமா? மூன்று வருடமாக என் கட்டடத்துக்கு ஒரு சிலிண்டர் வாயு வாங்கவில்லை. மேலாளர் என் தோளில் தட்டி, இந்த வருடம் ஒக்டோபரில் கொடுக்கும் பசுமைக் கட்டட விருது எங்களுக்குத்தான் என்கிறார். விருது கிடைத்தால் என்னைத் தலைமைத் தொழில்நுட்பவியலாளர் ஆக்குவார்கள். அந்தப் பதவிக்குக் குடும்ப விசா உண்டு. சிபானாவும் மின்ஹாவும் என்னோடு வந்து இருக்கலாம். மின்ஹா பிறந்து ஏழு வருடம். அவளோடு நான் இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம் வராது. அல்லாஹ் இதைக் கைகூட்டித் தரவேண்டும்.

தனிமை என்று நினைக்காதே. இந்த ஒரு தெருவில் எங்கள் கிழக்குக் கரைப் பொடியன்மார் பதினொரு பேர். அடுத்த கட்டடத்தில் நிந்தவூர் பர்ஸான். என் கட்டடத்திலேயே மற்ற ஷிப்டில் ஆலையடிவேம்பு ஜனுசன். பம்புக்கு வாசர், கையுறை, ஸ்பனர், சில நாள் ஒரு சிலிண்டர், எது முடிந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்வோம். மதிலுக்கு மேலால் வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உம்மாவின் சட்டமல்லவா, இங்கும் அதுதான். பர்ஸான் ஒன்று தந்தால் வெள்ளிக்கிழமை நான் போய் அவனுடைய பம்பைக் கழற்றிப் பூட்டிக் கொடுப்பேன்.

தொழுத பிறகு கேட்கும் துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்.

உன் காக்கா,
றுமைஸ்


கல்முனைக்குடி
19.03.2025

அன்புள்ள காக்கா,

ஸலாம். பெட்டித் தேங்காய்ப்பால் விடயம் உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, சத்தமாக வாசித்தேன். அவ்வளவுதான். வாப்பா வரிப்பத்தான்சேனையில் அறுவடை முடித்து வந்து, பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்கிறார். மதினி பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்குப் போய் வந்துவிட்டார். பிந்தினால் விசா ஓடிவிடும் என்பது போல் அவசரம்.

உங்கள் பாடம் நன்றாக விளங்கியது. விளங்கியதால் ஒரு கேள்வி வந்திருக்கிறது. பொதுவான கேள்வி. எந்தக் கட்டடம் என்று நானும் சொல்லமாட்டேன், நீங்களும் உங்கள் கட்டடத்தின் பெயரை எனக்கு எழுதவேண்டாம்.

என்னிடம் இருக்கும் கட்டடங்களில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே வருடத்தில் கட்டியவை, ஒரே கம்பனிச் சில்லர், இரண்டிலும் மும்மூன்று. ஒன்று மூன்று வருடத்தில் இருபத்தொன்பது சிலிண்டர் வாயு வாங்கியிருக்கிறது. மற்றது ஒன்றுகூட வாங்கவில்லை. அந்தப் படிவத்தில் ஒழுகிய வாயு என்ற கட்டத்தில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். நான் பார்த்த எந்தக் கட்டடமும் இப்படி மூன்று கோடை காலம் மூச்சு விடாமல் இருந்ததில்லை.

தொழில் தெரிந்தவராகச் சொல்லுங்கள். அப்படி ஒரு சில்லர் ஓடுமா?

பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோன்போடு கீழும் மேலும் ஓடித் திரியாதீர்கள்.

தங்கச்சி,
அஸ்பியா


டோஹா
02.04.2025

அன்புள்ள தங்கச்சி,

ஈத் முபாறக். பெருநாள் தொழுகை முடிந்து பதினொரு பேரும் பர்ஸானின் அறையில் கூடினோம். ஜனுசனுக்கும் லீவு போட்டுக்கொடுத்து அவனையும் இழுத்து வந்தோம். பர்ஸான் வட்டிலப்பம் அவித்தான். சத்தியமாக உம்மாவினுடையதைப் போல் இருந்தது, இதையும் சத்தமாக வாசிக்காதே. மின்ஹாவின் பெருநாள் உடுப்புப் படம் பார்த்தேன். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்.

மேலாளர் என் பெயரை மேலே எழுதி அனுப்பிவிட்டாராம். ஒரு அறை, ஒரு குசினி உள்ள சின்ன வீடு ஒன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது.

உன் கேள்விக்குப் பிறகு எழுதுகிறேன். இங்கே சூடு தொடங்கப் போகிறது, வேலை கூட.

காக்கா


கல்முனைக்குடி
22.04.2025

அன்புள்ள காக்கா,

ஸலாம். எல்லோரும் சுகம். மதினி கட்டாருக்கு என்று மிளகாய்த்தூளும் கறித்தூளும் வறுத்து இடித்து, உம்மாவின் பெரிய சூட்கேசில் அடுக்கத் தொடங்கிவிட்டார். ஒக்டோபருக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கிறது என்றேன். "கிடக்கட்டும் மச்சி, தூள் அவ்வளவு கெதியாப் பழுதாகாது" என்கிறார்.

காக்கா, நான் சுற்றி வளைக்கமாட்டேன். முப்பத்துநான்கு மாடி, ஆறாம் மாடியில் தொழுகை அறை, கீழே மூன்று சில்லர். நீங்கள் பெருமையோடு எழுதியதும் என் மேசையில் கிடந்த பதினேழாம் இலக்கமும் ஒன்றுதான். முதலில் சந்தேகம், பெருநாள் கடிதத்துக்குப் பிறகு உறுதி. எதைக் கேட்டாலும் மூன்று பக்கம் விளக்குகிற ஆள் நீங்கள். சில்லரைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்வியைத் தாண்டிப் போனீர்கள்.

நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன். சிவரூபினி அக்காவிடம் போய், பதினேழில் என் கூடப்பிறந்த காக்கா வேலை செய்கிறார், உறுதியாகத் தெரியாமல் அவரிடமே கேள்வியும் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர், "நல்ல வேளை, நீங்களே வந்து சொன்னீங்க" என்று பதினேழையும் பக்கத்துக் கட்டடமான பதினெட்டையும் என் கையில் இருந்து எடுத்து, அடுத்த மேசைக் கேசினியிடம் கொடுத்தார். கேசினி பொறுமையானவள். என்னைவிட மெதுவாகப் பார்ப்பாள், என்னைவிட ஆழமாகவும் பார்ப்பாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று நான் கேட்கமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள்.

என் கையெழுத்து உரிமை போகவில்லை. மே முதல் மற்ற இருபதுக்கும் நான்தான். அதில் எனக்குப் பெருமை. ஆனால் உங்கள் மேல் கோபமும் இருக்கிறது, அதையும் மறைக்கமாட்டேன். என் காக்கா ஒரு கேள்விக்குப் பயந்தார் என்பதுதான் என் கோபம்.

இனிப் பதினேழைப் பற்றி ஒரு சொல்லும் என் கடிதத்தில் இருக்காது. அது என் வேலைக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. வீட்டுச் செய்தி மட்டும் எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
அஸ்பியா


கல்முனைக்குடி
14.07.2025

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. போனில் மற்ற எல்லோரோடும் கதைக்கிறீர்கள், நான் வந்தால் "ஷிப்ட் தொடங்கப் போகுது" என்கிறீர்கள். பரவாயில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அனுப்பிய உடுப்பு எனக்கு அளவு. வாப்பா யாலப் போகத்துக்கு விதைத்த வயல் பச்சையாக நிற்கிறது.

இது வீட்டுச் செய்தி மட்டும். போன வியாழக்கிழமை நிந்தவூரில் இருந்து பாத்தும்மா மாமி வந்தார், உங்கள் கூட்டாளி பர்ஸானின் உம்மா. பஸ்ஸில் வந்திருந்தார். மடியில் மூடி போட்ட சில்வர் சட்டி நிறைய எருமைத் தயிர். ஒரு துளி சிந்தாமல் கொண்டு வந்தது எப்படி என்று மின்ஹா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகுதான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எங்கிட மகனுக்குக் கடிதம் குடுத்திட்டாங்களாம். செப்டெம்பரோட வேல முடியுதாம். வாயுவ வீணாக்குற ஆள், வேல தெரியாத ஆள் எண்டு எழுதி இரிக்காம். பதினாறு வயசில இருந்து மெசினோட கிடந்த புள்ள அவன். ஒங்கிட மகன் இப்ப பெரிய ஆளாம், விருதெல்லாம் குடுக்கப் போறாங்களாம். ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லுங்க. இவன் வேல தெரிஞ்சவன் எண்டு ஒரு சொல்லு."

உம்மா உடனே, "என்ட மகன் சொல்லுவான், நீங்க கவலப்படாம போங்க" என்று உங்கள் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மாமி போகும்போது சட்டியைக் கேட்கவில்லை. தயிரை மாற்றி வைத்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். நான் மாங்காயோ எதையாவதோ போட்டுக் கொடுத்து அனுப்புவோமே என்றேன். உம்மா விடவில்லை. "அவ சும்மா தயிர் தர வரல்ல புள்ள. றுமைஸ் என்ன சொன்னான் எண்டு சொல்லித்தான் சட்டியக் குடுக்கணும். அவனுக்கு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். வேறு செய்தி இல்லை.

அஸ்பியா


டோஹா
29.07.2025

தங்கச்சி,

ஸலாம். சுகம். சட்டியை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்.

றுமைஸ்


டோஹா
17.08.2025

அன்புள்ள தங்கச்சி அஸ்பியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்தையும் வீட்டாரின் சுகத்தையும் அல்லாஹ் நிலைக்க வைக்கட்டும். இன்று நான் தாண்டிப் போகமாட்டேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

2022 ஜூலையில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு இரண்டாம் சில்லர் நின்றுவிட்டது. வெளியே நாற்பத்தாறு பாகை. வாயு இறங்கியிருந்தது. எங்கள் கட்டடத்தில் ஒரு சிலிண்டர் வாங்க ஏழு கையெழுத்து வேண்டும், பதினொரு நாள் ஆகும். முப்பத்துநான்கு மாடிச் சனமும் கத்தத் தொடங்கிவிட்டது. பர்ஸானின் கட்டடத்தில் களஞ்சியம் எப்போதும் திறந்திருக்கும். கேட்டேன், இரண்டு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினான். எழுதிவைக்க எங்கள் படிவத்தில் இடம் இல்லை. வாங்கினால்தான் எழுதலாம், கேட்டு எடுத்ததற்குக் கட்டம் இல்லை. நான் ஒளிக்கவில்லை, அன்றைக்கு ஒளிக்கவில்லை.

அடுத்த வருடம் மேலாளர் பூச்சியத்தைக் காட்டி என்னைப் பாராட்டினார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. பிறகு விருது என்றார்கள், விசா என்றார்கள். அதற்குப் பிறகு சொல்லாமல் இருந்ததற்குப் பெயர் ஒளிப்புத்தான்.

இன்னொன்றையும் கேள். பர்ஸானுக்குக் கடிதம் கொடுத்தது எனக்கு மே மாதமே தெரியும். அவனே காட்டினான். "கெடக்கட்டும் மச்சான்" என்று மடித்துப் பையில் போட்டான். என் பெயரை எங்கும் சொல்லவில்லை, என்னிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. நான் அவனோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து உன்னோடு கதைக்கத்தான் என்னால் முடியவில்லை. மற்ற எல்லோரோடும் முடிந்தது.

பாத்தும்மா மாமி வந்து, நான் ஒரு சொல் சொல்லவேண்டும் என்று கேட்டதை வாசித்த இரவு நேரே என் சில்லர்களிடம் இறங்கிப் போனேன்.

இரண்டாம் சில்லருக்குப் பின்னால், சுவருக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு ஆள் சரிந்து நுழையும் இடம் இருக்கிறது. குழாயைச் சுற்றியிருக்கும் உறையில் நாங்கள் கறுப்பு மார்க்கரால் எழுதுவோம். அடுத்த ஷிப்டுக்காரனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, நானும் ஜனுசனும் தொடக்கத்தில் இருந்தே அப்படித்தான். திகதி, எத்தனை சிலிண்டர், யாருடையது. "14.7.22 பர்ஸான் 2." "3.8.23 பர்ஸான் 1, ஜனுசன் ஏற்றினான்." எல்லாம் தமிழில். மேலாளருக்கு அது கிறுக்கல். மூன்று வருடக் கிறுக்கல் அங்கேயே இருந்தது.

விருதுக் குழு வருகிறது என்று குழாய்களுக்கெல்லாம் புது உறை சுற்றச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலையில் ஆட்கள் சுருள்களோடு இறங்கிவிட்டார்கள். இரண்டாம் சில்லரில் இருந்து தொடங்கப் போனார்கள். நான் சும்மா நின்றிருந்தால் மதியத்துக்குள் எல்லாம் மூடியிருக்கும், நானாக ஒன்றையும் அழிக்கத் தேவையில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவு லேசாக இருந்தது. "மூன்றில் இருந்து தொடங்குங்கள்" என்று அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே நுழைந்து ஒவ்வொரு வரியாகப் படம் எடுத்தேன். இருபத்திரண்டு சிலிண்டர், தங்கச்சி. நீ சொன்ன இருபத்தொன்பதில் பர்ஸானுடைய கட்டடம் குடித்தது ஏழுதான்.

அன்று பின்னேரம் பர்ஸானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வேணாம் மச்சான்," என்றான். "ஒனக்கு விசா வருது. மகள் வாறா. எனக்கென்ன, ஊருல வயல் இரிக்கி."

"அது ஒங்கிட வாப்பாட வயல்," என்றேன். "ஒங்க உம்மாட சட்டி எங்கிட குசினில ஒரு மாசமாக் கவுண்டு கிடக்கு. நான் என்னத்தப் போட்டு அனுப்புற, சொல்லு பாப்பம்."

அவன் கொஞ்ச நேரம் படங்களைப் பார்த்தான். பிறகு, "ரெண்டாம் வரியில திகதி பிழ, அண்டைக்கு வெள்ளிக்கிழம" என்றான். இருவரும் உட்கார்ந்து திருத்தி, ஒரு கடிதம் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்தோம். ஜனுசனும் தானாக வந்து வைத்தான். கணக்கில் பிழை இருந்தால் அறிவிக்க என்று படிவத்தின் அடியில் ஒரு முகவரி இருக்கும், உனக்குத் தெரியும். அதற்கு அனுப்பினோம். பிரதி இரண்டு கட்டடத்து மேலாளர்களுக்கும்.

அனுப்பிய பிறகு நன்றாகத் தூங்கினேன். இதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். சிபானாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

காக்கா,
றுமைஸ்


கல்முனைக்குடி
06.09.2025

அன்புள்ள காக்கா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய் வாசித்து, அங்கேயே இருந்து அழுதேன். கோபம் எல்லாம் போய்விட்டது. என் காக்கா மறுபடியும் மூன்று பக்கம் விளக்கியிருக்கிறார்.

பதினேழைப் பற்றி எழுதமாட்டேன் என்று சொன்னேன், எழுதவும் இல்லை. கந்தோரில் நடந்த ஒரு சிரிப்பை மட்டும் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை கேசினி தன் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வரும் ஆதாரங்கள் ஆங்கிலத்தில் வரும், அரபியில் வரும். அரபி என்றால் மொழிபெயர்க்க அனுப்பிவிட்டு ஒரு கிழமை காத்திருப்போம். கேசினி எழுந்து நின்று, "அக்கா, இதுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்ல. இதில எங்கட ஆக்கள்ற கையெழுத்துக் கிடக்கு" என்றாள். சிவரூபினி அக்கா வந்து குனிந்து பார்த்தார். மற்ற மேசைகளில் எல்லோரும் எழும்பிப் போனார்கள். நான் மட்டும் என் நான்காம் இலக்கத்தின் டீசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் போகும்போது கேசினி என் மேசையில் ஒரு டொபி வைத்துவிட்டுப் போனாள்.

மதினிக்கு நீங்களேதான் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன், உம்மாவுக்கும் சொல்லவில்லை. சூட்கேசில் இப்போது கறித்தூள் ஆறு கிலோ இருக்கிறது. மின்ஹா தன் பள்ளிக்கூடக் கூட்டாளிகளிடம் பயணம் சொல்லத் தொடங்கிவிட்டாள். பிந்த வேண்டாம்.

அஸ்பியா


டோஹா
30.09.2025

அன்புள்ள தங்கச்சி,

ஸலாம். சுகமாக இருக்கிறேன், கொஞ்சம் மெலிந்திருக்கிறேன் என்று ஜனுசன் சொல்கிறான், நம்பாதே.

முடிவு வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் பூச்சியங்கள் போய், ஒழுகிய வாயுவுக்கு மூன்று வருடத்துக்குமாக முந்நூற்றுத் தொண்ணூறு தொன் என்று புது எண் ஏறியிருக்கிறது. விருது வேறு கட்டடத்துக்குப் போகிறது. மேலாளர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, தலைமைப் பதவி இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மெசினைத் தெரிந்த ஆள் வேண்டுமே. ஆக, விசா இல்லை.

பர்ஸானின் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். வாயு வீணாக்கினான் என்று எழுதியவரே வந்து மன்னிப்புக் கேட்டாராம்.

இருபத்திரண்டு சிலிண்டர் வாயு எங்கே போனது என்று தேடினோம். இரண்டாம் சில்லரின் தண்டுச் சீல். பூச்சியம் என்று எழுதியிருந்ததால் மூன்று வருடமாக யாரும் தேடவே இல்லை, நானும் தேடவில்லை. பர்ஸானும் நானுமாக இரண்டு நாள் கழற்றி, புதுச் சீல் போட்டோம். இப்போது அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நிற்கிறது. படிவத்தில் கேட்டு எடுத்த வாயுவுக்கு ஒரு புதுக் கட்டமும் போட்டிருக்கிறார்கள். உங்கள் கந்தோர் சொல்லித்தான் என்று நினைக்கிறேன், நீ பதில் சொல்லவேண்டாம்.

நேற்று சிபானாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டா. போனை மின்ஹாவிடம் கொடுத்துவிட்டா. மின்ஹா, "வாப்பா, நாங்க எப்ப வாற?" என்று கேட்டாள்.

நான் செய்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவ என்ன நினைக்கிறா என்றுதான் தெரியவில்லை. பார்த்து எழுது.

காக்கா


கல்முனைக்குடி
12.10.2025

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா எல்லோரும் சுகம். நெல்லு வீட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கோல் வந்த பிறகு மதினி மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. சமைத்தார், மின்ஹாவைப் பள்ளிக்கூடம் கொண்டு போய் விட்டார், சூட்கேஸ் இருக்கும் அறைக் கதவைச் சாத்தியே வைத்தார். உம்மா ஏதோ ஆறுதல் சொல்லப் போனார். நான்தான் உம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், மதினி குசினிக்கு வந்து கவிழ்த்து வைத்திருந்த பாத்தும்மா மாமியின் சட்டியை எடுத்தார். துடைத்தார். அறைக்குள் கொண்டு போய்ச் சூட்கேசைத் திறந்தார். நானும் உம்மாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டாருக்கு என்று கட்டி வைத்த கறித்தூள் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சட்டியில் கொட்டினார். விளிம்புவரை கொட்டி, கையால் அமர்த்தி, மேலும் கொட்டினார். வீடு முழுக்கத் தூள் மணம். உம்மா தும்மினார்.

"புள்ள, கொஞ்சத்தப் போட்டாக் காணுமே" என்றார் உம்மா.

"சட்டி நிறைய வந்திச்சு மாமி," என்றார் மதினி. "நிறையத்தான் போகணும்."

மின்ஹாவுக்குப் பெருநாள் உடுப்பை உடுத்தி, கூட்டிக்கொண்டு புறப்பட்டார். த்ரீவீலருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவ பஸ்ஸில்தானே வந்தா என்று சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிந்தவூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். பின்னேரம் திரும்பி வந்தபோது இருவரின் முகமும் தெளிந்திருந்தது. பாத்தும்மா மாமி சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மதினியை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாராம். மின்ஹா சொன்னாள்.

காக்காவுக்கு என்ன எழுத என்று மதினியிடம் கேட்டேன். சூட்கேசை மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்:

"நான் கோவமில்ல எண்டு எழுதுங்க மச்சி. தூள் இன்னொருக்கா இடிச்சிக்கலாம்."

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கச்சி,
அஸ்பியா